பாஸ்வேர்ட் கேட்காதவரைக் கூப்பிடுங்கள்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, பிரின்ட், ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பம் நிரப்புவது, இதுதான் தொழில். போன கிழமை ஒருவர் போன் எடுத்து, தான் இருபது வருட அனுபவமுள்ள சைபர் பாதுகாப்பு நிபுணர் என்றும் இந்தப் பக்கத்துக் கடைகள் பலவற்றைத் தானே பார்ப்பதாகவும் சொன்னார். எனிடெஸ்க் போடச் சொல்லி என் கொம்பியூட்டருக்குள் வந்தார். சிவப்புச் சிவப்பாக ஒரு பட்டியலைக் காட்டி, இவ்வளவும் வைரஸ் என்றார். வருடத்துக்கு 45,000 ரூபா கட்டினால் முழுப் பாதுகாப்பும் தன் பொறுப்பாம். ஜிமெயில் பாஸ்வேர்டும் கேட்டார், நான் இன்னும் கொடுக்கவில்லை. இவர் உண்மையான ஆளா என்று எப்படி அறிவது? குறை நினைக்க வேண்டாம் சேர், நீங்களும் நிபுணர் என்றுதான் எழுதுகிறீர்கள். நீங்கள் யார்? உங்களை ஏன் நம்ப வேண்டும்?

பதில்:

தங்கச்சி, நான் யார் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் கடைக் கொம்பியூட்டரின் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வயர் என்றால் கழற்றுங்கள், வைஃபை என்றால் ரவுட்டரை நிறுத்துங்கள். எனிடெஸ்க் என்பது தூரத்திலிருந்து ஒருவர் உங்கள் கொம்பியூட்டருக்குள் வந்து இயக்குவதற்கான மென்பொருள். அதில், இந்தப் பக்கத்தில் யாரும் 'சரி' என்று அழுத்தாமலே உள்ளே வருவதற்கு ஒரு பாஸ்வேர்ட் வைக்க வழி இருக்கிறது. அன்றைக்கு உள்ளே வந்தவர் அதை வைத்துவிட்டுப் போயிருந்தால், நீங்கள் கடையைப் பூட்டிய பிறகும் கொம்பியூட்டர் ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அவரால் வர முடியும்.

துண்டித்தாயிற்றா? சரி. இப்போது செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, போட்ட திகதிப்படி அடுக்குங்கள். அவர் வந்த நாளிலும் அதற்குப் பிறகும் என்னென்ன ஏறியிருக்கிறது என்று தெரியும். எனிடெஸ்க்கில் தெரியும் அவருடைய இலக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதை நீக்குங்கள். நீங்கள் போடாத வேறு எதுவும் அந்தத் திகதியில் இருந்தால் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு அதையும் நீக்குங்கள். பிறகு அதே செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய், உங்களுக்குத் தெரியாத பெயரில் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். இப்படியான ஆட்கள் 'சப்போர்ட்' என்றோ 'அட்மின்2' என்றோ புதுக்கணக்கு ஒன்று திறந்துவிட்டுப் போவதை நான் கண்டிருக்கிறேன்.

ஜிமெயில் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் விட்டது மிகவும் நல்லது. ஆனால் அதைக் கொடுக்காவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும். கடைக் கொம்பியூட்டரில் ஜிமெயில் எந்நேரமும் திறந்தே இருந்திருக்கும். குரோமில் சேமித்து வைத்த பாஸ்வேர்ட்களை எடுப்பதும் உள்ளே வந்த ஒருவருக்குப் பெரிய வேலையில்லை. அதனால் அந்தக் கொம்பியூட்டரைத் தொடாமல், உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எந்தெந்தக் கருவிகளில் உங்கள் கணக்குத் திறந்திருக்கிறது என்று காட்டும், தெரியாததை வெளியேற்றுங்கள். பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பைப் போடுங்கள். மறுகா, தெரிந்த ஒருவரின் நல்ல கொம்பியூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, செட்டிங்ஸில் 'ஃபோர்வர்டிங்' என்ற இடத்தை ஒருக்கா பாருங்கள். உங்களுக்கு வரும் கடிதங்களின் பிரதி வேறொரு முகவரிக்குத் தானாகப் போகும்படி அங்கே அமைக்கலாம். பாஸ்வேர்டை எத்தனை தரம் மாற்றினாலும் அந்த அமைப்பு அப்படியே இருந்துகொண்டிருக்கும், பலர் அதைப் பார்ப்பதே இல்லை. போனில் வட்ஸ்அப்பைத் திறந்து 'லிங்க்ட் டிவைசஸ்' பட்டியலையும் பாருங்கள், உங்கள் வட்ஸ்அப் வேறு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று அது காட்டும். கடைக்காரர்கள் எல்லோரும் வட்ஸ்அப் வெப் வைத்துத்தான் பிரின்ட் எடுக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்கிறேன். வங்கிக் கணக்கை அந்தக் கொம்பியூட்டரில் எப்போதாவது திறந்திருந்தால், கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் நம்பருக்கு இன்றைக்கே எடுங்கள்.

அந்தச் சிவப்புப் பட்டியலைப் பற்றி: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவர் காட்டியது 'ஈவென்ட் வியூவர்' என்று நினைக்கிறேன். விண்டோஸ் தனக்குள் நடப்பதை எழுதி வைக்கும் குறிப்பேடு அது. பிரின்டர் ஒரு நொடி பதில் சொல்லாவிட்டால் எழுதும், நெட்வேர்க் அறுந்து வந்தால் எழுதும், ஏதோ ஒரு சேவை தாமதமாகத் தொடங்கினால் எழுதும். அதில் சில சிவப்பு, சில மஞ்சள். நேற்றுப் பெட்டி பிரித்த புதுக் கொம்பியூட்டரிலும் சிவப்பு இருக்கும். வைரஸ் பட்டியல் என்று இதைக் காட்டிப் பயமுறுத்துவது உலகம் முழுக்க நடக்கும் பழைய ஏமாற்று. நம்பிக்கை இல்லையென்றால் உறவுக்காரர் யாருடைய கொம்பியூட்டரிலாவது திறந்து பாருங்கள், அதே சிவப்பு அங்கேயும் இருக்கும்.

சரி, நான் யார்?

மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவன். எண்பதுகளின் கடைசியில் கொழும்பில் ஓர் அலுவலகத்தின் கொம்பியூட்டர் அறைக்குள் தரவு பதிகிற பையனாகப் போனேன். ஐந்தேகால் அங்குல ஃபிளொப்பிக் காலம் அது. ஒரு ஃபிளொப்பியில் 360 கிலோபைட் அடங்கும், இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒரு படம்கூட அதற்குள் அடங்காது. நான் முதன்முதலில் கண்ட வைரஸ் 'பிரெயின்'. 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் எழுதியது. தங்கள் மென்பொருளைக் களவாகப் பிரதியெடுப்பவர்களைப் பிடிக்கத்தான் எழுதினோம் என்றார்கள், தங்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே எழுதியும் வைத்திருந்தார்கள். நான் கண்டது ஒரு சம்பளக் கணக்கு ஃபிளொப்பியில். வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றி, கரகரவென்று நின்று நின்று ஓடியது. கோப்புப் பட்டியலைத் திறந்தால், மேலே டிஸ்கின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பிரெயின்' என்று இருக்கிறது. யாரும் அப்படிப் பெயர் வைக்கவில்லை. ஏன் மெதுவாக ஓடுகிறது, யார் பெயரை மாற்றியது என்று கேட்கப் போய்த்தான் இந்தத் தொழில் எனக்குப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து இன்றுவரை என் வேலை அந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான்.

பிறகு நெட்வேர்க்குகள், யுனிக்ஸ், மொடெம், லினக்ஸ் என்று போயிற்று. சில காலம் கட்டாரில் சேர்வர்களைப் பார்த்தேன். 2003 ஜனவரி 25, சனிக்கிழமை. அப்போது அங்கே வியாழனும் வெள்ளியும்தான் லீவு, சனி வேலை நாள். காலை எட்டரை மணிவாக்கில் 'ஸ்லாமர்' என்ற புழு கிளம்பியது. புழு என்றால் நெட்வேர்க் வழியாகக் கொம்பியூட்டர் விட்டுக் கொம்பியூட்டர் தானாகவே பரவுவது. மொத்தமே 376 பைட், நான் சொன்ன அந்த ஃபிளொப்பியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து நிமிடத்துக்குள் அதற்கு இடம் கொடுக்கக்கூடிய சேர்வர்களில் பெரும்பாலானவற்றை அது பிடித்துவிட்டது. ரவுட்டர்களின் விளக்குகள் விட்டுவிட்டு மின்னாமல் ஒரே பிடியாக எரிந்துகொண்டிருந்ததை நான் மறக்க மாட்டேன். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் அதற்கு ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையில் வெளியிட்டிருந்தது. 2017 மே மாதம் வந்து கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்ட 'வொன்னாகிரை'யும் அப்படித்தான், மருந்து மார்ச் மாதமே வந்துவிட்டது. இரண்டிலும் தப்பியவர்கள் பெரும்பாலும் அப்டேட்டை நேரத்துக்குப் போட்டு வைத்த, ஊர் பெயர் தெரியாத ஆட்கள். எங்கள் தொழிலில் நான் மதிப்பது அவர்களைத்தான்.

ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து அரிசி ஆலை, மருந்துக்கடை, ரியூட்டரி, சங்கக் கடை என்று கொம்பியூட்டர் இருக்கிற இடமெல்லாம் போகிறேன். அக்கரைப்பற்றுப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் 'பெரிய வைரஸ், மெஷின் தானாக நின்று நின்று வருகிறது, கணக்கெல்லாம் போகப் போகிறது' என்று கூப்பிட்டார்கள். முதலாளி, கணக்குப்பிள்ளை, மூட்டை தூக்கும் தம்பிமார் என்று ஆலையே சுற்றி நின்றது. வைரஸ் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் பார்க்க ஆசை. பெட்டியைத் திறந்தால் பவர் சப்ளைக்குள் தவிட்டுத் தூசி ஒரு விரல் தடிப்பு, அதற்குள் கருகிப்போன ஒரு பல்லி. 'இதுவா சேர் வைரஸ்?' என்று ஒரு தம்பி குனிந்து பார்த்துக் கேட்டார். அன்றைக்கு ஆலை முழுக்கச் சிரித்தது, நானும் சேர்ந்துதான். ஆனால் அந்த முதலாளிக்கு யாரோ ஏற்கனவே மூன்று விதமான அன்டிவைரஸ் விற்றிருந்தார்கள். பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தவர் ஒருவருமில்லை.

இவ்வளவும் சொன்னேன் என்பதற்காக என்னை நம்பாதீர்கள், தங்கச்சி. இதில் ஒன்றையும் உங்களால் சரிபார்க்க முடியாது. அவர் சொன்ன இருபது வருடத்தையும் அப்படித்தான் சரிபார்க்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான் மேலே சொன்ன வேலைகளில் எதற்கும் நீங்கள் எனக்கு எதையும் தர வேண்டியதில்லை. பாஸ்வேர்ட் வேண்டாம், காசு வேண்டாம், நான் உள்ளே வரவும் வேண்டாம். நீங்களே திறந்து, நீங்களே கண்ணால் பார்க்கலாம். என்னை நம்பாமலே என் பதிலைப் பாவிக்கலாம். ஒரு நிபுணரைப் பார்க்கும்போது முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்: அவர் சொல்வதை அவர் இல்லாமல் சரிபார்க்க வழி வைக்கிறாரா?

நல்ல ஆள் பாஸ்வேர்ட் கேட்க மாட்டார். வேலைக்குத் தேவையென்றால், 'நீங்கள் அடியுங்கள், நான் திரும்பி நிற்கிறேன்' என்பார். போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை எந்தக் காரணம் சொல்லியும் கேட்க மாட்டார். தூரத்திலிருந்து கொம்பியூட்டருக்குள் வருவது பிழையான காரியமில்லை, நானும் செய்கிறேன். ஆனால் கூப்பிடுவது நீங்களாக இருக்க வேண்டும், முடியும்வரை நீங்கள் திரைக்கு முன்னால் இருக்க வேண்டும், முடிந்ததும் அந்த மென்பொருள் நீங்க வேண்டும். நீங்கள் கூப்பிடாமல் அவராக எடுத்தார் என்பதே எனக்குப் போதும். உங்கள் கொம்பியூட்டரில் வைரஸ் இருப்பது தூரத்தில் இருக்கிற முன்பின் தெரியாத ஒருவருக்கு எப்படித் தெரியும்? சான்றிதழ் இருக்கிறது என்றால் நம்பரைக் கேளுங்கள். உண்மையான சான்றிதழ்களை வழங்குகிற நிறுவனங்கள் தங்கள் சொந்தத் தளத்தில் சரிபார்க்க வழி வைத்திருக்கின்றன. அவர் அனுப்பும் லிங்கை அழுத்தாமல் நீங்களாகத் தேடிப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, அவர் கேட்கும் முதல் கேள்வி. என்ன அன்டிவைரஸ் போட்டிருக்கிறீர்கள் என்று தொடங்குகிறவர் விற்க வந்தவர். 'இந்தக் கொம்பியூட்டர் நாளைக்கு லகூனுக்குள் விழுந்துபோனால் உங்களுக்கு எது இல்லாமல் போகும்?' என்று கேட்கிறவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடையில் அது என்ன? கடன் கொப்பியா, பள்ளிக்கூடங்களுக்கு அடித்துக் கொடுத்த வினாத்தாள்களா, கல்யாண அழைப்பிதழ் மாதிரிகளா? அதைக் கேட்டறியாமல் யாராலும் பாதுகாப்புக் கொடுக்க முடியாது.

அந்தக் கேள்வி நேராகப் பெக்கப்பில்தான், அதாவது கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்து வைப்பதில்தான், வந்து நிற்கும். இதில் நான் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எங்கள் கரையோரத்தில் கோப்புகளைக் கொல்வது வைரஸ் மட்டுமில்லை. உப்புக்காற்று போர்ட்டை அரிக்கும். ஒக்டோபர், நவம்பர் மாத இடி மின்னல் வயர் வழியாக வந்து ரவுட்டரையும் அதோடு சேர்ந்த கொம்பியூட்டரையும் ஒன்றாகக் கொண்டுபோகும். 2011 ஜனவரி வெள்ளம் எத்தனை அலுவலக அலுமாரிகளின் கீழ்த்தட்டை நனைத்தது என்று ஊருக்கே தெரியும். பெக்கப் டிஸ்க்கை எந்நேரமும் கொம்பியூட்டரிலேயே செருகி வைத்தால், கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் ரான்சம்வெயர் வந்தாலும் சரி, மின்னல் வந்தாலும் சரி, இரண்டும் சேர்ந்தே போகும். 2023 ஓகஸ்ட்டில் எங்கள் அரசாங்கத்தின் கிளவுட்டை, அதாவது அரச அலுவலகங்கள் இன்டர்நெட் வழியாகப் பாவிக்கும் பொதுச் சேர்வர்களை, ரான்சம்வெயர் தாக்கியபோது நடந்தது இதுதான். பெக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. விதைநெல்லைச் சாப்பாட்டு நெல்லோடு ஒரே மூட்டையில் போட்டு வைக்கிற வயல்காரர் படுவான்கரையில் எங்கேயும் இல்லை. இரண்டு வெளி டிஸ்க் வாங்குங்கள். ஒன்று கடையில், வேலை முடிந்ததும் கழற்றி மேல்தட்டில். மற்றது வீட்டில். கிழமைக்கு ஒருக்கா மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் வருகிற நிபுணரைச் சோதிக்கவும் இதையே பாவியுங்கள். விலைப்பட்டியல் கோப்பை 'சோதனை' என்று வேறு பெயரில் பிரதி பண்ணி வையுங்கள். அவரைப் பெக்கப் எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் அந்தச் 'சோதனை'க் கோப்பை முற்றாக அழித்துவிட்டு, 'இதைத் திருப்பி எடுத்துத் தாங்க' என்று கேளுங்கள். எடுத்துத் தந்தால் அவருக்குத் தொழில் தெரியும். பெக்கப் எடுத்தேன் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர், எடுத்ததைத் திருப்பிப் போட்டுப் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

கிராக் பண்ணிய, அதாவது காசு கட்டாமல் பாவிக்கப் பூட்டை உடைத்த, விண்டோஸோ ஒஃபிஸோ போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அன்றோடு அவரை விட்டுவிடுங்கள். அந்தக் கிராக் வேலை செய்வதற்காக முதலில் அன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்திய இடைவெளியில் என்ன ஏறியது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் மெஷினில் இன்னும் விண்டோஸ் 10 என்றால், 2025 ஒக்டோபர் 14உடன் அதற்கு மைக்ரோசொஃப்டின் வழமையான அப்டேட் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கொமினிகேசன் கடை என்பதால் இன்னும் இரண்டு விடயம். ஊரிலுள்ள எல்லாப் பென்ட்ரைவும் உங்கள் மெஷினில்தான் ஏறி இறங்குகின்றன. பென்ட்ரைவில் இருந்த போல்டரெல்லாம் ஷோட்கட்டாக மாறிவிட்டது என்று பிள்ளைகள் அழுதுகொண்டு வருவார்களே, அது ஒரு கடையில் தொற்றி அடுத்த கடைக்குப் போவது. போல்டர்கள் அழியவில்லை, மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஷோட்கட்டை அழுத்தினால்தான் புழு ஓடத் தொடங்கும். அழுத்தாதீர்கள், முதலில் ஸ்கேன் பண்ணுங்கள். தினசரி வேலைக்கு அதிகாரம் குறைந்த ஒரு கணக்கைத் திறந்து அதிலேயே பிரின்ட் எடுங்கள், அட்மின் கணக்கை மென்பொருள் போடும்போது மட்டும் தொடுங்கள். வங்கி வேலையை அந்த மெஷினில் வேண்டவே வேண்டாம்.

மற்றது, வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகப் பிரதிகள். நான் போகும் கடைகளில் டெஸ்க்டொப் முழுக்க இவைதான் கிடக்கின்றன, சிலதெல்லாம் வருடக்கணக்காக. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது, அது ஒரு பக்கம். வெல்லாவெளியிலிருந்து பஸ் ஏறி வந்து, 'மகள், இதை ஒரு கொப்பி எடுத்துத் தாங்க' என்று அடையாள அட்டையை நீட்டுகிற அம்மா உங்களைத்தான் நம்பி நீட்டுகிறார். அன்றைக்கு எனிடெஸ்க்கில் வந்தவர் உங்கள் ஜிமெயிலுக்குத்தான் வந்தார் என்று நினைக்க வேண்டாம். அந்த அட்டைகளை வைத்து வேறொருவர் பெயரில் சிம் எடுக்கலாம், கடன் விண்ணப்பம் போடலாம். பிரின்ட் எடுத்து ஆள் படியிறங்கும்போதே அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. பழையதெல்லாவற்றையும் இந்தக் கிழமையே துப்புரவாக்குங்கள்.

அவர் திரும்பவும் எடுப்பார். எடுத்தால், 'கடைக்கு நேரில் வாங்க, என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதித் தாங்க' என்று சொல்லுங்கள். வர மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். மிரட்டினாலோ, காசு போயிருந்தாலோ, கணக்குக் கைமாறியிருந்தாலோ கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரச அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101ஐ அழையுங்கள், பொலிஸிலும் முறைப்பாடு போடுங்கள். அனுமதியில்லாமல் இன்னொருவர் கொம்பியூட்டருக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். அவர் எடுத்த நம்பர், நேரம், எனிடெஸ்க்கில் தெரிந்த அவருடைய இலக்கம் எல்லாவற்றையும் நீக்குவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

45,000 ரூபாவைக் கட்ட வேண்டாம். அதில் ஒரு பகுதிக்கு இரண்டு டிஸ்க்கும், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் ஒரு சிறிய யூ.பி.எஸ்ஸும் வாங்கலாமா என்று கல்முனையில் விசாரியுங்கள். மிச்சத்துக்கு, ஒலுவில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகங்களிலோ மட்டக்களப்பு, சம்மாந்துறை உயர் தொழில்நுட்ப நிறுவனங்களிலோ படித்துவிட்டு ஊரில் இருக்கும் பிள்ளை ஒருவரைத் தெரிந்தவர்கள் மூலம் தேடி, வந்து போகும் ஒவ்வொரு தடவைக்கும் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். அவரையும் அந்தச் 'சோதனை'க் கோப்பை வைத்துச் சோதியுங்கள், நல்ல பிள்ளை கோபிக்க மாட்டார்.

அக்கவுண்ட்ஸ் பட்டியலில் என்னென்ன பெயர் இருந்தது, அந்தத் திகதியில் ஏறிய மென்பொருள் எவை என்று எனக்கு எழுதுங்கள். பாஸ்வேர்ட் ஒன்றும் எழுத வேண்டாம். தெரியாத பெயர் ஒன்றாவது இருந்தால், கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் சரியான வழி. அதைப் படிப்படியாக எழுதி அனுப்புகிறேன்.